க்யூஆர் ஒட்டிய கடைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விருதுநகர் பேருந்து நிலையம் பக்கத்தில் எனக்கு ஜெராக்ஸ், ஸ்டேஷனரி கடை. போன மாதம் பக்கத்துக் கடையில் ஒரு தம்பி ஜூஸ் கடை போட்டிருக்கிறான். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு ஆதார் கார்டை முன்னும் பின்னும் நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். "ஐயாயிரம் அனுப்பிடுறேன், காசா குடுத்துருங்க. நூறு ரூபா சேத்தே போடுறேன்" என்று ஒரு குரல். எட்டிப் பார்த்தால், தோளில் பையோடு இந்தப் பக்கம் இதுவரை பார்த்திராத ஓர் ஆள், போனை க்யூஆருக்கு நேராகப் பிடித்து நிற்கிறார். நம் தம்பி கல்லாவைத் திறந்து ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எண்ணிக்கொண்டிருக்கிறான்.

"டேய், குடுக்காத!" என்று நான் போட்ட சத்தத்தில் ஜெராக்ஸ் எடுக்க வந்த அம்மாவே ஒரு அடி பின்னால் போய்விட்டார். அந்த ஆள் ஒன்றும் சொல்லாமல் போனைப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். தம்பிக்குக் கோபம். "என்ன அண்ணாச்சி, நூறு ரூபா சும்மா வந்திருக்கும்ல?"

அந்த நூறு ரூபாயின் கதை எனக்குத் தெரியும். எனக்கு அது இருநூறாக வந்தது. அவனிடம் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். பின் நம்பரை யாரிடமும் சொல்லாதே, வருகிற லிங்கைத் தொடாதே, பணம் வாங்குவதற்கு பின் நம்பர் போடவே வேண்டாம் என்பதெல்லாம் இன்றைக்குக் கீரை விற்கிற பாட்டிக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

காசைக் கொடுத்துவிட்டு ஜிபே வாங்குவது

2023 ஜூன், இரண்டாவது சனிக்கிழமை. வங்கி லீவு. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் என்பதால் நோட்டு, அட்டை, லேபிள் என்று வியாபாரம் ஓடி, கல்லா நிறையக் காசு. சாயங்காலம் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். சுத்தமான வெள்ளைச் சட்டை. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், ஏடிஎம் கார்டு மெஷினில் மாட்டிக்கொண்டது, எட்டாயிரம் காசாக வேண்டும் என்றார். எட்டாயிரத்து இருநூறு அனுப்புகிறேன், இருநூறை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை வங்கிக்குப் போய் வரிசையில் நின்று கட்டவேண்டிய காசு, உட்கார்ந்த இடத்திலேயே கணக்குக்குப் போய்விடுகிறது. அவர் ஸ்கேன் பண்ணினார், பணம் வந்ததும் குரல் கொடுக்கிற சவுண்ட்பாக்ஸ் பெட்டி தொகையைச் சொன்னது, எஸ்எம்எஸ்ஸும் வந்தது. போலி ஸ்கிரீன்ஷாட் எல்லாம் இல்லை, அசல் பணம். எண்ணிக் கொடுத்தேன். கும்பிட்டுவிட்டுப் போனார்.

பன்னிரண்டு நாள் கழித்து பேப்பர் ஏஜென்சிக்கு 14,500 ரூபாய் அனுப்பினேன். போகவில்லை. நெட் கோளாறு என்று நினைத்து மறுபடி போட்டேன். போகவில்லை. வங்கிக்குப் போனால் மேலாளர் கணினியைப் பார்த்துவிட்டு, "டெபிட் ஃப்ரீஸ் ஆயிருக்கு சார்" என்றார். கணக்கில் பணம் வரும், வெளியே போகாது. வடக்கே ஒரு மாநிலத்தின் சைபர் கிரைம் போலீஸ் சொல்லி நிறுத்தியிருக்கிறார்கள். அந்த 8,200 ரூபாய், அங்கே யாரோ ஒருவரை ஏமாற்றிப் பிடுங்கிய பணத்தின் ஒரு துண்டாம். கணக்கில் அப்போது 1,86,000 ரூபாய் இருந்தது. மகளின் கல்லூரிக் கட்டணம் அதற்குள் இருந்தது.

இது எப்படி நடக்கிறது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஏமாந்தவர் 1930 என்கிற சைபர் கிரைம் உதவி எண்ணுக்குப் போன் செய்கிறார், அல்லது மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் போடுகிறார். அவருடைய பணம் எந்தக் கணக்குக்குப் போனது, அங்கிருந்து எங்கெங்கே பிரிந்தது என்று வங்கிகள் வழியாகத் துரத்திக்கொண்டே போகிறார்கள். திருடர்கள் ஒரு கணக்கில் பணத்தை வைத்திருக்க மாட்டார்கள். பத்து கணக்குக்குப் பிரித்து, அதை இன்னும் பத்தாக்கி, கடைசியில் எங்காவது காசாக மாற்றவேண்டும். ஏடிஎம்மில் கேமரா இருக்கிறது. அதைவிட என்னைப் போல கல்லா நிறைந்த கடைக்காரன் லேசு. பணம் தொட்ட கணக்கையெல்லாம் நிறுத்தும்போது, குற்றவாளி யார், இளிச்சவாயன் யார் என்று அந்த நேரத்தில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஏமாந்த மனிதரின் இடத்தில் நான் இருந்தால், நிறுத்துங்கள் என்றுதான் நானும் கத்துவேன். அதில் எனக்கு வருத்தமில்லை. 8,200 ரூபாய்க்கு ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் முடக்குவதுதான் ஆறவில்லை. சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்தால் போதும், கணக்கு முழுவதையும் முடக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் இப்படிப்பட்ட வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. அன்றைக்கு எனக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

அப்புறம் நான்கு மாதம். என் கடையிலேயே டைப் அடித்து, அன்றைய விற்பனைக் கணக்கோடு மனு தயார் செய்து, விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். போன் பண்ணினால் அந்தப் பக்கம் இந்தி. பேருந்து நிலையத்துக்கு வெளியே பானிபூரி வண்டி போட்டிருக்கும் பையனைக் கூட்டிவந்து, அவன் கையில் போனைக் கொடுத்துப் பேசச் சொன்னேன். அவன் ஒரு கையால் உருளைக்கிழங்கு பிசைந்துகொண்டே, "சார் நல்லவரு, ஜெராக்ஸ் கடை" என்கிற பொருளில் என்னமோ சொன்னான். காசு வாங்கிப் போனவரின் முகம் கேமராவில் இருக்கிறதா என்று கேட்டார்கள். என் கேமரா பதினைந்து நாள்தான் வைத்திருக்கும். வங்கியில் விஷயம் தெரிந்த அன்றே எடுத்திருந்தால் இருந்திருக்கும். பதறிப்போய் வங்கிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் அது அழிந்தே போய்விட்டது.

கடைசியில் 8,200ஐ மட்டும் நிறுத்திக்கொண்டு மீதியை விடுவித்தார்கள். கல்லூரிக் கட்டணத்துக்கு நகை அடகுக்குப் போய்த் திரும்பியது தனிக்கதை. கொடுத்த எட்டாயிரம் போனது போனதுதான். இன்றைக்கும் யாராவது "இருநூறு நீங்க வச்சுக்கங்க" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ரொக்கத்தில் இந்தத் தொல்லை கிடையாது. திருடின ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்து ஒருவன் நோட்டு வாங்கிப் போனால், அந்தத் தாளைத் தேடி யாரும் என் கடைக்கு வருவதில்லை. வங்கி வழியாக வரும் பணத்துக்குப் பின்னால் அது வந்த வழி முழுக்க எழுதியிருக்கிறது. வசதியும் அதுதான், வம்பும் அதுதான்.

அதனால் தெரியாத ஆளுக்கு ஜிபே வாங்கிக்கொண்டு காசு கொடுக்காதீர்கள். ஐந்நூறு ரூபாயாக இருந்தாலும் சரி, ஏடிஎம் எங்கே என்று கை காட்டிவிடுங்கள். ஆஸ்பத்திரி என்று சொல்லும்போது மனசு கேட்காதுதான். நிஜமாகவே இரக்கப்பட்டால் கையில் இருக்கிற நூறைச் சும்மா கொடுத்து அனுப்புங்கள், அதில் நஷ்டம் நூறோடு நிற்கும். சரக்கு வாங்கியே ஒருவர் பெரிய தொகை அனுப்பினாலும் இதே சிக்கல் வரலாம். ஆயிரம் ரூபாய்க்கு மேல் போனால் பில் போட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பில் இருந்தால் பேச ஒரு காகிதமாவது கையில் இருக்கும்.

இந்த ஏமாற்று வேலைக்கே இன்னொரு வடிவம் உண்டு. தெரியாத எண்ணிலிருந்து பணம் வரும், பின்னாலேயே போன் வரும்: "தப்பா அனுப்பிட்டேன், இந்த நம்பருக்குத் திருப்பி அனுப்பிடுங்க." இந்த நம்பர் என்பது வேறு நம்பராக இருக்கும். அனுப்பாதீர்கள். அவருடைய வங்கியில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள், நீங்களும் உங்கள் வங்கிக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கடைப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே கணக்கில்

மேலே சொன்ன கதையில் பாதி வலி இதனால் வந்தது. இப்போது எனக்குக் கடைக்கென்று தனிக் கணக்கு. ராத்திரி ஷட்டர் இறக்கும் முன் அதில் இரண்டாயிரம் வைத்துவிட்டு மீதியை வேறு வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுவேன். நாளைக்கே முடங்கினாலும் கையைக் கடிக்காது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் சின்னச் சின்னக் கடைக்காரர்களுக்கு, யூபிஐ வரவை வைத்து ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தது. பெங்களூரில் பல கடைகளில் க்யூஆரைக் கிழித்துவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதிப் போட்டார்கள். சரக்கு விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் என்பது பொதுவான வரம்பு. மச்சான் திருப்பிக் கொடுத்த கடனும், சீட்டுப் பணமும் அதே க்யூஆரில் வந்து விழுந்தால், அது வியாபாரம் இல்லை என்று நிரூபிப்பது உங்கள் தலையில்தான்.

ஸ்கிரீன்ஷாட்டை நம்புவது

பெட்டி பேசினால் பணம். வாடிக்கையாளர் போன் பேசினால் அது வெறும் சத்தம்.

"போயிடுச்சு", "வரலையே" சண்டை

பழைய ஆளான நானே இதில் இரண்டு வாடிக்கையாளரை இழந்திருக்கிறேன். அவர் கணக்கில் கழிந்திருக்கும், நமக்கு வந்திருக்காது. இருவருமே பொய் சொல்லவில்லை. கடைக்குப் போட்ட பணம் இப்படி நடுவில் நின்றால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி தரவேண்டும் என்பது 2019இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. இதைப் பொறுமையாகச் சொல்லி, அவர் போனில் அந்தப் பணப் பரிமாற்றத்துக்கான அடையாளமாகக் காட்டும் 12 இலக்க யூடிஆர் எண்ணை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். தெரிந்த முகம் என்றால் சரக்கைக் கொடுத்து அனுப்புங்கள். பதினைந்து ரூபாய் ஜெராக்ஸுக்காக ஒரு டீச்சரிடம் நான் குரல் உயர்த்தினேன். அவர் பள்ளிக்கூடத்து கேள்வித்தாள் வேலை முழுக்க எதிர்க் கடைக்குப் போய்விட்டது.

"நாளைக்கு ஜிபே பண்றேன்"

இதற்குப் பெயர் கடன். நோட்டில் எழுதுங்கள்.

எல்லாவற்றுக்கும் போன்தான் வேகம் என்று நினைப்பது

2018இல் ஓர் ஏஜெண்ட் பேச்சைக் கேட்டு கார்டு மெஷின் வாங்கி வைத்தேன். மாத வாடகை வேறு. ஆறு ரூபாய் ஜெராக்ஸுக்கு யார் கார்டு நீட்டப் போகிறார்? ஒரு வருஷத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். 2020 ஜனவரி முதல் யூபிஐக்குக் கடைக்காரரிடம் கமிஷன் இல்லை என்றானதும், கிரெடிட் கார்டுக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய் அளவுக்கு இழப்பதில் என்னைப் போன்றவனுக்கு அர்த்தமில்லாமல் போனது. ஜவுளிக்கடைக்கும் நகைக்கடைக்கும் அது வேறு கணக்கு.

ஆனால் வாங்குபவனாக நிற்கும்போது பெட்ரோல் பங்கில் நான் கார்டைத்தான் தட்டுகிறேன். 5,000 ரூபாய் வரை பின் கேட்காது. என் கடையில் ஒரு நாள் சும்மா மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஐந்து ரூபாய் நாணயத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போக நாலு எண்ணுக்குள் ஆகிறது. பையிலிருந்து போன் எடுத்து, விரல் வைத்து, ஆப் திறந்து, ஸ்கேன் செய்து, தொகை போட்டு, பின் அடித்து, அந்த வட்டம் சுற்றி முடிவதற்குள் முப்பது தாண்டிவிடுகிறது. பின்னால் பஸ்ஸைப் பிடிக்க நான்கு பேர். அடிக்கடி வருகிற காலேஜ் பிள்ளைகளிடம் யூபிஐ லைட் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். சின்னத் தொகைக்கு பின் நம்பர் அடிக்கவேண்டாம், அவர்கள் பாஸ்புக்கில் ஐந்தும் பத்துமாக வரி நிறையாது.

சில்லறை வைத்துக்கொள்ளாமல் இருப்பது

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, நாடு முழுக்க யூபிஐ படுத்துவிட்டது. அதற்கு இரண்டரை வாரம் முன்னால் மார்ச் 26 அன்றும் இதே கதை. க்யூஆரை மட்டும் நம்பியிருந்த கடைகளில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டியவருக்குக் கொடுக்க மீதி இல்லை. பத்தும் இருபதுமாக ஆயிரம் ரூபாய்க்கு எப்போதும் வைத்திருங்கள். சில்லறை வாங்க, கோயில் உண்டியல் எண்ணுகிற இடத்தில் ஆள் தெரிந்தால் இன்னும் நல்லது.

க்யூஆர் ஸ்டிக்கரை ராத்திரி வெளியே விட்டுவிட்டுப் போவது

மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். காலையில் ஷட்டர் தூக்கியதும் வீட்டில் வேறு யாருடைய போனிலாவது ஒரு முறை ஸ்கேன் செய்து, உங்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள். ஒரு ரூபாய் போட்டால் பெட்டியும் விழித்துக்கொள்ளும்.

ஜூஸ் கடைத் தம்பி திங்கட்கிழமையே போய்த் தனிக் கணக்கு தொடங்கிவிட்டான். க்யூஆர் மட்டும் இன்னும் பழையதுதான், மிக்ஸிக்கு மேலே, மாதுளைச் சாறு தெறித்த கறையோடு.