பிரிந்த பிறகு வீட்டையும் கடனையும் என் பேருக்கு மாற்றிய அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் நானும் என்னோடு வாழ்ந்தவரும் சேர்ந்து வாங்கிய வீடு, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பிரிந்ததும் அவர் "நான்தான் வெளியே வந்துட்டேனே, பாண்ட் (வீட்டுக் கடன்) இனி உன் பாடு" என்றார். பேங்க் அப்படிப் பார்க்காது. இருவர் கையெழுத்தும் இருக்கும்வரை தவணை தவறினால் முழுக் கடனையும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், அதனால் வக்கீலுக்கு முன்னால் பேங்க்குக்குப் போனேன். என் சம்பளம் மட்டும் தாங்குமா என்று தோண்டித் துருவிப் பார்த்த பிறகுதான் அவரை விடுவிக்கச் சம்மதித்தார்கள். அப்புறம் வீட்டை மதிப்பிட்டு, மீதிக் கடனைக் கழித்து, அவருக்குச் சேர வேண்டிய பாதியை எழுதிக் கையெழுத்திட்டோம். நகராட்சி வரி பாக்கியில்லை என்ற சான்றிதழ், வரித் துறை ரசீது எல்லாம் வக்கீல் வாங்கி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முடித்தார். வக்கீல் ஃபீஸ் மொத்தமும் என் தலையில்தான், சரி, வீடு என்னுடையது.