சித்திரை மழைக்குப் பின் மேய்ச்சலும் கன்றும்: கொங்குப் பக்கம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரையில் ஒரு உழவு மழை இறங்கிவிட்டால் போதும், பத்தே நாளில் கொரங்காடு (மானாவாரி மேய்ச்சல் நிலம்) பச்சை கட்டிவிடும். மாசியிலிருந்து காய்ந்த சோளத்தட்டையே மென்றுகொண்டிருந்த மாட்டை அவிழ்த்துவிட எல்லோருக்கும் கை பரபரக்கும். காங்கயம், தாராபுரம் பக்கம் புதிதாகக் கறவை மாடு வாங்கியவர்கள் சறுக்குவது ஏறக்குறைய இந்தச் சமயத்தில்தான், அதுவும் ஒரே நாலைந்து இடங்களில்தான். வேளைக்குத் தண்ணீர் காட்டுவதும் சாணி அள்ளுவதும் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தவர்களும் தவறும் இடங்களை மட்டும் பார்ப்போம்.

பச்சையைக் கண்டதும் பட்டியைத் திறப்பது

கொளுக்கட்டைப் புல் முதல் மழைக்கு விடும் துளிர், தூரிலும் வேரிலும் கோடை முழுக்கச் சேர்த்து வைத்த சத்தில் வருவது. அந்த இலை வெயிலில் நின்று உணவு தயாரித்துத் தூருக்குத் திருப்பிக் கொடுப்பதற்குள் மாடு கடித்துவிட்டால், அடுத்த துளிருக்குத் தூரில் கையிருப்பு இருக்காது. அப்படி இரண்டு மூன்று தடவை கடிபட்ட தூர் செத்துவிடும். அடுத்த வருடம் அங்கே மாடு தொடாத களைதான் நிற்கும்.

புல் ஒரு முழம் வளர்ந்த பிறகு மாட்டை விடுங்கள். நாலு விரல் உயரம் மிச்சம் இருக்கும்போதே அடுத்த காட்டுக்கு மாற்றுங்கள். கிளுவை வேலி போட்டுக் காட்டை மூன்று நாலாகப் பிரித்து வைத்த பெரியவர்கள் இதற்காகத்தான் பிரித்தார்கள். ஒரு துண்டுக்கு மழையைப் பொறுத்து நாலு முதல் ஆறு வாரம் ஓய்வு வேண்டும். வேலியைப் பிடுங்கி ஒரே காடாக்கியவர்களுக்கு இந்த வசதி போய்விட்டது.

மாட்டின் வயிற்றுக்கும் நிதானம் வேண்டும். பெருவயிற்றில், அதாவது மாட்டின் முதல் வயிற்றில், உள்ள நுண்ணுயிர்கள் தட்டுக்குப் பழகியவை. அவை பச்சைக்கு மாற ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். முதல் நாள் ஒரு மணி நேரம் மேயட்டும், பிறகு நாளுக்கு நாள் கூட்டுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு விடாமல் இரண்டு மூன்று கிலோ காய்ந்த தட்டு போட்டு விடுங்கள். இப்படிச் செய்யாத வீட்டில் சாணி தண்ணீராகப் போகும், பால் சங்கத்தில் கொழுப்பு அளவு இறங்கும். உடனே "மாட்டுக்குச் சத்துப் பத்தலை" என்று புண்ணாக்கைக் கூட்டுவார்கள். அது நிலைமையை மோசமாக்கும். இளம்புல்லில் புரதம் ஏற்கெனவே அதிகம், குறைவது நார்தான். தட்டைக் கூட்டினால் கொழுப்பு ஏறும்.

சோள மறுதாம்பு

வாடி நின்ற சோளமும், அறுத்த தூரிலிருந்து மழைக்குத் துளிர்க்கும் மறுதாம்பும் மாட்டைக் கொல்லும். அதில் சயனைடு நஞ்சு உண்டாகிறது. தின்ற சில நிமிடங்களிலேயே மூச்சு வாங்கும், கால் பின்னும், மாடு விழுந்துவிடும். கை வைத்தியத்துக்கு நேரம் இருக்காது. மருத்துவர் நரம்பில் போடும் மருந்துதான் காப்பாற்றும். பூ எடுத்த பிறகே சோளத்தைப் பச்சையாகக் கொடுங்கள். அதற்கு முன் அறுக்க வேண்டி வந்தால் நன்றாகக் காய வைத்துப் போடுங்கள். மரவள்ளி இலையிலும் தோலிலும் இதே நஞ்சுதான். மேய்ச்சலுக்குப் போகும் வழியில் பக்கத்துக் காட்டுக்காரர் சோளம் வெட்டியிருக்கிறாரா என்று முந்தின நாளே பார்த்து வையுங்கள்.

இளங்கொடி (நஞ்சுக்கொடி) விழட்டும் என்று சீம்பாலைத் தள்ளிப்போடுவது

இத்தனை மருத்துவமனை, இத்தனை பயிற்சி முகாம் வந்த பிறகும் இந்தத் தவறு போகவில்லை என்பதை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

நடப்பது இதுதான். சாயங்காலம் ஏழு மணிக்கு மாடு கன்று போடுகிறது. கன்று எழுந்து மடியைத் தேடுகிறது. வீட்டில் ஒருவர், "இளங்கொடி விழாம பால் குடிக்க விட்டா கொடி உள்ளேயே நின்னுக்கும்" என்று கன்றைப் பிடித்துத் தனியாகக் கட்டுகிறார். கொடி விழும்போது விடிகாலை நாலு மணி. அதன் பிறகு மாட்டைக் கழுவி, கொட்டகையைக் கழுவி, ஆறு மணிக்குத்தான் கன்றுக்கு முதல் வாய் பால். பதினோரு மணி நேரம் போய்விட்டது. கன்று துள்ளிக்கொண்டுதான் இருக்கும், யாருக்கும் எதுவும் தப்பாகத் தெரியாது. இரண்டாவது வாரம் வெள்ளைக் கழிச்சல் பிடிக்கும்போது, "பால் ஒத்துக்கலை" என்பார்கள்.

மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் புரதம் கருவிலேயே இறங்குகிறது. மாட்டின் இளங்கொடி அதை விடாது. அதனால் கன்று கையிருப்பே இல்லாமல் பிறக்கிறது. அந்தப் புரதம் முழுக்கச் சீம்பாலில்தான் இருக்கிறது, நல்ல சீம்பால் என்றால் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல். பிறந்த கன்றின் குடல் அதைச் சிதைக்காமல் அப்படியே ரத்தத்துக்குள் விடும். ஆனால் அந்த வாசல் திறந்திருப்பது கொஞ்ச நேரம்தான். முதல் சில மணி நேரத்தில் முழுதாகத் திறந்திருக்கும், ஆறு மணி நேரத்துக்குப் பின் வேகமாக மூடிக்கொண்டு வரும், 24 மணி நேரத்தில் அடைபட்டுவிடும். அதன் பிறகு ஒரு குடம் சீம்பால் கொடுத்தாலும் அது வெறும் சத்துள்ள பால்தான். இன்னொரு பக்கம், கன்று குடிக்கத் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் கொட்டகைத் தரையிலும் அழுக்கு மடியிலும் உள்ள கிருமி முந்திக்கொண்டு அதே குடலுக்குள் போகிறது.

கொடி நின்றுவிடும் என்ற பயமும் தலைகீழானது. கன்று முட்டிக் குடிக்கும்போது தாய்க்கு ஆக்ஸிடோசின் சுரக்கிறது. மடியில் பாலை இறக்குவதும் அதுதான், கருப்பையைச் சுருக்கிக் கொடியைத் தள்ளுவதும் அதுதான். கன்றைப் பிரித்து வைப்பவர் கொடி விழ உதவும் வேலையைத் தானே நிறுத்தி வைக்கிறார். அதிகம் கறக்கும் மாட்டில் முதல் நாளே மடியை ஒட்டக் கறந்தால் பால் காய்ச்சல் (ரத்தத்தில் கால்சியம் குறைந்து மாடு படுத்துவிடும் நோய்) வரலாம் என்ற எச்சரிக்கை ஒன்று உண்டு. அது வேறு விஷயம். கன்றுக்கு வேண்டியதை எடுப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் பல வீடுகளில் கன்றைப் பட்டினி போடுகிறார்கள்.

செய்ய வேண்டியது: கன்று விழுந்ததும் மூக்கு, வாய்ச் சளியைத் துடையுங்கள், தாய் நக்கட்டும். தொப்புள் கொடியை டிங்ச்சர் அயோடினில் முக்குங்கள். மடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்து, ஒவ்வொரு காம்பிலும் இரண்டு பீச்சு தரையில் விட்டு அடைப்பை எடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முதல் குடி நடந்திருக்க வேண்டும். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், முதல் நாலு மணி நேரத்துக்குள் வயிற்றுக்குப் போக வேண்டும். ஒரே மூச்சில் குடிக்காவிட்டால் இரண்டாகப் பிரியுங்கள். பன்னிரண்டாவது மணி நேரத்தில் இன்னும் ஒன்றேகால் லிட்டர். காம்பில் விட்டால் எவ்வளவு குடித்தது என்று தெரியாது, அதனால் கறந்து அளந்து ரப்பர் காம்பு வைத்த புட்டியில் கொடுப்பதே நல்லது. சப்பாத கன்றின் வாயில் மூங்கில் குழாயால் ஊற்றினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும்.

அக்கம்பக்கத்துக்குச் சீம்பால் கொடுத்து அனுப்புவது நல்ல வழக்கம்தான். ஆனால் எதிர்ப்புப் புரதம் அதிகம் இருப்பது முதல் கறவையில். அது கன்றுக்கு. மிஞ்சியதை ஒரு லிட்டர் பையில் கட்டி உறைபெட்டியில் வைத்தால், தாய் செத்த கன்றுக்கோ பால் இறங்காத மாட்டின் கன்றுக்கோ உயிர் கொடுக்கும். கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் பையைப் போட்டு இளக்குங்கள். அடுப்பில் வைத்தால் புரதம் திரிந்துவிடும். முட்டையும் விளக்கெண்ணெயும் கலந்து கொடுப்பது சீம்பாலுக்கு ஈடாகாது.

கொடி 24 மணி நேரத்துக்கு மேல் தொங்கினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். கல் கட்டித் தொங்கவிடாதீர்கள்.

பாலைக் கணக்கில்லாமல் கொடுப்பது

முதல் மாதம் எடையில் பத்தில் ஒரு பங்கு, இரண்டாம் மாதம் பதினைந்தில் ஒன்று, மூன்றாம் மாதம் இருபதில் ஒன்று. காலை மாலை ஒரே நேரத்தில், கறந்த சூட்டோடு. ஆறிப்போன பாலும் தண்ணீர் கலந்த பாலும் கழிச்சலில் முடியும். எடை போடத் தராசு இல்லாவிட்டால் கால்நடை மருத்துவமனையில் நெஞ்சுச் சுற்றளவு வைத்துக் கணக்குப் போடச் சொல்லித் தருவார்கள்.

பச்சைப் புல் தின்றால் போதும் என்று கன்றை மேய்ச்சலுக்கு அனுப்புவது

இளங்கன்றுக்குப் பெருவயிறு இன்னும் வளரவில்லை. அதை வளர்ப்பது தானியம். தானியம் புளிக்கும்போது உண்டாகும் அமிலம்தான் பெருவயிற்றின் உள்சுவரில் சத்தை உறிஞ்சும் மொட்டுகளை வளர்க்கிறது. இரண்டாவது வாரத்திலிருந்து கன்றுத் தீவனத்தை ஒரு கை அளவு வாளியில் வையுங்கள், பால் குடித்ததும் கொஞ்சம் நாக்கில் தடவுங்கள். மிச்சத்தைத் தினமும் கொட்டிப் புதிதாக வையுங்கள். பக்கத்தில் சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். பாலே தண்ணீர்தானே என்று விடுகிறவர்கள் வீட்டுக் கன்று தீவனத்தைத் தொடாது. புல்லை மட்டும் மேய்ந்த கன்றுக்கு வயிறு பானைபோல் இருக்கும், முதுகெலும்பு துருத்தும்.

யூரியா கலந்த தீவனம்

கன்றுக்கு ஆறு மாதம் வரை கூடவே கூடாது.

குடற்புழு மருந்தை மறப்பது

உருண்டைப் புழு தாய்ப்பாலிலேயே கன்றுக்கு வந்துவிடும். அதனால் மேய்ச்சலுக்கே போகாத கன்றுக்கும் பத்தாவது நாளில் முதல் தடவை மருந்து, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒன்று. மழை பெய்து புல் ஈரமாக இருக்கும் நாட்களில் புழுவின் இளம் பருவம் புல் நுனிக்கு ஏறி நிற்கும். பனி காய்ந்த பிறகு, ஒன்பது மணிக்கு மேல் அவிழ்த்துவிடுங்கள். புதுக் காட்டில் முதலில் கன்றுகள் மேயட்டும், பெரிய மாடுகள் பின்னால் வரட்டும். பெரும்பாலான பண்ணைகளில் இது நேர்மாறாக நடக்கிறது: மாடு மேய்ந்து சாணி போட்ட காட்டில், மிச்சப் புல்லுக்குக் கன்றை விடுகிறார்கள்.