டைக்மன் பண்ணைவீடு: முதல் முறை போகிறவர்களுக்கு

நியூயார்க்கில் உள்ள இந்தப் பழைய வீடு இப்போது அருங்காட்சியகம். முதல் தடவை போனபோது நேராகப் படியேறி, நான்கு அறையைப் பார்த்துவிட்டு அரை மணியில் இறங்கி வந்துவிட்டேன். அமெரிக்க விடுதலைப் போரின் கதை கண்ணிலேயே படவில்லை. நீங்கள் இந்த வரிசையில் போங்கள்.

1. வீடு இருப்பது மன்ஹாட்டன் தீவின் வடகோடியில், இன்வுட் பகுதியில். ஏ (A) சுரங்க ரயிலில் 207-ஆவது தெருவில் இறங்குங்கள். அதுதான் கடைசி நிறுத்தம், தூங்கிவிட்டாலும் பயமில்லை. பிராட்வேயும் 204-ஆவது தெருவும் சந்திக்கும் இடத்தில், சற்று மேட்டின் மேல் வீடு தெரியும். வாரம் முழுக்கத் திறந்திருக்காது. நாள் பார்த்துக் கிளம்புங்கள்.

2. உடனே ஏற வேண்டாம், கீழே நின்று பாருங்கள். முழங்காலை மடக்கியது போல் நடுவில் ஒடிந்து இறங்கும் கூரை, அதன் கீழே நம் ஊர்த் திண்ணை மாதிரி நீண்ட தாழ்வாரம்: இதுதான் டச்சுக் காலனிய பாணி. ஆனால் வீடு விடுதலைப் போருக்குப் பிறகு, 1784 வாக்கில் கட்டியது. 1776-இல் பிரிட்டிஷ் படை தீவைப் பிடித்ததும் டைக்மன் குடும்பம் ஓடிப்போனது. படை 1783-இல்தான் வெளியேறியது. திரும்பி வந்தவர்களுக்குப் பழைய வீடும் இல்லை, பழத்தோட்டமும் இல்லை.

3. அடுத்து தோட்டத்துக்குப் போங்கள். அங்கே சின்னதாக ஒரு குடிசை. பிரிட்டன் கூலிக்கு அமர்த்திய ஜெர்மன் சிப்பாய்கள் போரின்போது இந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட குடிசைகளில்தான் குளிர்காலத்தைக் கழித்தார்கள். அக்கம்பக்கத்தில் தோண்டிக் கண்டதை வைத்துத் திரும்பக் கட்டியது. உள்ளே எட்டிப் பார்த்து, எத்தனை பேர் படுக்கலாம் என்று மனக்கணக்குப் போடுங்கள்.

4. அப்புறம் வீட்டுக்குள் போய், அகழ்ந்தெடுத்த பொருள்கள் இருக்கும் அறையைத் தேடுங்கள். பீரங்கிக் குண்டை விட எனக்குப் பிடித்தவை பொத்தான்கள். பிரிட்டிஷ் சிப்பாயின் பொத்தானில் படைப்பிரிவின் எண் இருக்கும். மண்ணில் விழுந்த ஒரு பொத்தானே யார் இங்கே தங்கினார்கள் என்று சொல்லிவிடும்.

மற்ற அறைகளைச் சீக்கிரம் முடிக்கலாம். கைமாறிப் போன வீட்டை 1915-இல் அந்தக் குடும்பத்துச் சகோதரிகள் இருவர் திரும்ப வாங்கிப் பழுதுபார்த்தார்கள். 1916-இல் அருங்காட்சியகமாகத் திறந்தது.

5. கடைசியாகக் கீழ்த்தளத்துக் குளிர்காலச் சமையலறை. இங்கே அவசரம் வேண்டாம். நியூயார்க்கில் அடிமைமுறை 1827 வரை இருந்தது. டைக்மன் வீட்டிலும் அடிமைகள் வேலை செய்தார்கள். அந்தப் பகுதி அடிமைகளின் கல்லறைகள் 1903-இல் 10-ஆவது அவென்யூவும் 212-ஆவது தெருவும் சேரும் பக்கத்தில் வெளிப்பட்டன. கால் மணி நேரம் மிச்சமிருந்தால் அதுவரை நடந்துவிட்டு ரயில் ஏறுங்கள்.