மார்க்கெட் கழிவுல இருந்து கரண்ட் எடுக்குறது எப்படி

குப்பைல கரண்ட்னு சொன்னாலே எல்லாரும் எரிக்குறத பத்திதான் பேசுறாங்க, ஆனா நம்ம ஊர் குப்பைல பாதிக்குப் பக்கம் காய்கறியும் சாப்பாடும்தான், அத்தனையும் ஈரம், அது எப்படிங்க எரியும்? 1987ல டெல்லி திமார்பூர்ல நாளைக்கு 300 டன் எரிக்க பிளான்ட் கட்டி 21 நாள்தான் ஓட்டினாங்க, குப்பைய எரிச்சா போதுமான சூடு வரலன்னு மூடிட்டாங்க. ஈரக் கழிவ காத்து புகாத டேங்க்ல புளிக்க வச்சு, வர்ற கேஸ்ல இன்ஜின் ஓட்டி கரண்ட் எடுக்குறதுதான் சரியான வழி. கோயம்பேடு மார்க்கெட்ல நாளைக்கு 30 டன் கழிவுக்குன்னு இப்படித்தான் ஒரு பிளான்ட் போட்டாங்க.

முதல் வேலை தரம் பிரிக்குறது, இதுல கோட்டை விட்டா மத்தது எதுவும் நடக்காது. கேரி பேக், சணல் கயிறு, தேங்காய் சிரட்டை, மண்ணு எதுவும் உள்ள போகக்கூடாது, கயிறு பம்ப்ல சுத்திக்கும், மண்ணு அடில தங்கி டேங்க் கொள்ளளவையே தின்னுடும். தயவுசெஞ்சு இத பிளான்ட்ல வச்சு தூய்மைப் பணியாளர்கள கையால பொறுக்க விடாதீங்க, கடையிலயே ரெண்டு டப்பா வச்சு பிரிச்சு வாங்குங்க, அவங்களும் மனுசங்கதானே.

அப்புறம் கழிவ பொடியா அரைச்சு தண்ணி சேத்து கூழாக்கணும். டேங்க்ல முதல்ல சாணிக்கரைசல் ஊத்தி கேஸ் வர ஆரம்பிக்குற வரைக்கும் விடுங்க, அதுல இருக்குற நுண்ணுயிர்தான் எல்லா வேலையும் செய்யுது, பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமா கழிவு அளவ ஏத்தணும். அவசரப்பட்டு ஒரே நாள்ல கொட்டினீங்கன்னா வயித்துல அஜீரணம் வர்ற மாதிரி டேங்க்ல அமிலம் ஏறிடும், அதனால பிஎச் (அமிலத்தன்மைய காட்டுற அளவு) தினமும் பாருங்க, 7 பக்கம் நிக்கணும், 6.5க்கு கீழ இறங்கினா கழிவு போடுறத நிறுத்திட்டு கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்க.

வர்ற கேஸ்ல 55-60 சதவீதம் மீத்தேன், அதுதான் எரியுற வாயு, கூடவே அழுகின முட்டை நாத்தத்தோட ஹைட்ரஜன் சல்பைடும் வரும், அத அப்படியே இன்ஜினுக்கு விட்டா உள்ள அரிச்சிடும், துருப்பிடிச்ச இரும்புச் சீவல் நிரப்பின ஃபில்டர் வழியா விடுங்க. பைப்ல தண்ணி தேங்கும், அத வடிக்க ஒரு வால்வும் வேணும்.

கணக்கு சொல்றேன், ஒரு டன் நல்ல கழிவுல சுமாரா 80-100 கன மீட்டர் கேஸ் கிடைக்கும், ஒரு கன மீட்டருக்கு ஒன்றரை யூனிட்னு வச்சா 120-150 யூனிட், அதுல அரைக்குற மெஷினும் பம்பும் இழுக்குறத கழிச்சுட்டுதான் மார்க்கெட் லைட்டுக்கு எவ்வளவுன்னு பாக்கணும். அதனால கழிவு கிடைக்குற இடத்துலயே பிளான்ட் வைங்க, லாரில தூரம் கொண்டுபோனா டீசல் செலவுலயே போயிடும்.

கேஸ் எடுத்தப்புறம் டேங்க்ல இருந்து வெளிய வர்ற கூழ் (ஸ்லரி) நல்ல உரம், விவசாயிங்ககிட்ட முன்னாடியே பேசி வச்சிடுங்க.

டேங்க்குள்ள அடைப்பு எடுக்கன்னு யாரையும் எந்தக் காரணத்துக்காகவும் இறக்காதீங்க, அந்த கேஸ் நிமிசத்துல உயிர எடுத்துடும், வெளிய இருந்தே கழுவி வடிக்குற மாதிரி அடில அகலமான வால்வு கட்டும்போதே வச்சிடணும்.