கியர் மாற்றும்போது எழும் சத்தம்: காரணம் தேடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கியர் மாற்றும்போது காரில் வழக்கமில்லாத சத்தம் கேட்டால், அது எந்தப் பாகத்தின் சத்தம் என்பதே நம்மில் பெரும்பாலோரின் முதல் கேள்வி. கரகரவென்றால் கியர் பாக்ஸ், கடகடவென்றால் பேரிங், டொக்கென்றால் ஆக்சில் என்று சத்தத்தின் சாயலை வைத்தே முடிவுக்கு வந்துவிடுகிறோம். மற்ற தவறுகளெல்லாம் இந்த ஒரு பழக்கத்திலிருந்தே கிளைக்கின்றன. தேய்ந்த பேரிங் ஒரு காரில் கீச்சிடும், வேறொரு காரில் உறுமும். கியர் பாக்ஸுக்குள் எழும் ஒலி லிவர் வழியாகவும் தரைத்தகடு வழியாகவும் ஏறி வருவதால், அது வரும் திசையைக் காது தவறாகச் சொல்லிவிடவும் கூடும். சத்தம் வரும் அந்தக் கணத்தில் எவையெல்லாம் சுழல்கின்றன, எவை நின்றிருக்கின்றன என்று பிரித்துப் பார்ப்பதே நம்பகமான வழி. அதற்கு வேண்டிய கருவி, காலடியில் இருக்கும் கிளட்ச் பெடல்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை நியூட்ரலில் ஓடவிடுங்கள். பெடலில் கால் படாத இந்த நிலையில் கிளட்ச் பிளேட்டும், அதோடு இணைந்து சுழற்சியைக் கியர் பாக்ஸுக்குள் கொண்டுசெல்லும் தண்டான இன்புட் ஷாஃப்டும் இன்ஜினின் வேகத்திலேயே சுழல்கின்றன. இப்போது கேட்கும் உறுமல், பெடலை ஆழமாக மிதித்து கிளட்ச் முழுவதும் பிரிந்த பிறகே அடங்குகிறது என்றால், இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். அமைதியாக இருந்த வண்டியில் பெடலை மிதிக்க மிதிக்கச் சத்தம் கிளம்பினால், கிளட்ச் பிளேட்டை இன்ஜினோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்தும் ரிலீஸ் பேரிங்கே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தச் சோதனையில் பலரும் செய்யும் பிழை, பெடலை ஒரே மூச்சில் தரைவரை மிதித்துவிடுவது. சில கார்களில் ரிலீஸ் பேரிங் எப்போதும் விரல்களை லேசாகத் தொட்டபடியே சுழலும்; அது தேய்ந்திருந்தால், பெடலில் காலை வைத்து இலேசாக அழுத்திய மாத்திரத்திலேயே கீச்சொலி நின்றுவிடும். வேகமாக மிதிப்பவருக்கு இந்த இரண்டு நிலைகளும் ஒன்றாகவே தெரியும். ரிலீஸ் பேரிங்கின் குற்றம் இன்புட் ஷாஃப்டின் தலையில் விழும். பெடல் கனக்கத் தொடங்கும் இடம் எது, சத்தம் மாறும் இடம் எது என்று மெல்ல மிதித்துப் பார்ப்பதில்தான் விடை கிடைக்கும்.

நியூட்ரலில் வரும் மெல்லிய கடகடப்பு எல்லாமே பழுதென்று அஞ்சுவதும் தவறு. முன்னோக்கிச் செல்லும் கியர்களின் பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியே சுழல்கின்றன. அவற்றின் பற்களுக்கிடையே இருக்க வேண்டிய சிறு இடைவெளியில், ஐட்லிங்கில் இன்ஜின் தரும் துடிப்பு தட்டொலியை உண்டாக்கும். டீசல் வண்டிகளில் இது கூடுதலாகவே கேட்கும். ஆக்சிலரேட்டரைச் சற்றே மிதித்ததும் ஒலி மறைந்தால் பெரும்பாலும் இதுதான். பேரிங் ஒலியோ இன்ஜின் வேகம் கூடக்கூட உச்சத்துக்கு ஏறும். இதேபோல, ரிவர்ஸில் செல்லும்போது கேட்கும் ஊளைச் சத்தத்துக்காக எவரும் கியர் பாக்ஸைப் பிரிக்க வேண்டியதில்லை. பல கார்களில் ரிவர்ஸ் கியரின் பற்கள் சாய்வாக இல்லாமல் நேராக வெட்டப்பட்டிருப்பதால் வரும் இயல்பான ஒலி அது.

அதிகப் பணம் வீணாவது கரகரப்பில்தான். கியர் விழும்போது பற்கள் உரசும் சத்தம் கேட்டதும், பற்கள் கோக்கும் முன் வேகங்களைச் சமமாக்கும் சின்க்ரோனைசர் போய்விட்டது, கியர் பெட்டியை இறக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றே: உரசல் ஒரு கியரில் மட்டுமா, எல்லாக் கியர்களிலுமா? ஒன்றில் மட்டும் என்றால் அந்தக் கியரின் சின்க்ரோனைசர் மீது சந்தேகம் கொள்வது நியாயம். எல்லாவற்றிலும், குறிப்பாக ரிவர்ஸிலும் முதல் கியரிலும் என்றால், கிளட்ச் முழுவதும் பிரியவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

இதை உறுதி செய்ய ரிவர்ஸ் கியரே உதவும். பல கார்களில் அதற்குச் சின்க்ரோனைசர் இல்லாததால், உள்ளே ஷாஃப்ட் சுழல்கிறதா இல்லையா என்பதை அது மறைக்காமல் காட்டிவிடும். ஆனால் கிளட்ச்சை மிதித்த உடனே ரிவர்ஸ் போட்டு, உரசுகிறது என்று பதறக்கூடாது. கிளட்ச் பிரிந்த பிறகும் ஷாஃப்ட் தன் வேகத்தில் சில நொடிகள் சுழன்றுதான் நிற்கும். பெடலை முழுவதும் மிதித்தபடி 5 நொடிகளேனும் பொறுத்து, பிறகு ரிவர்ஸ் போடுங்கள். அமைதியாக விழுந்தால் கிளட்ச் நன்றாகவே பிரிகிறது. பொறுத்த பின்பும் உரசினால், மிதித்த நிலையிலும் கிளட்ச் பிளேட் இன்ஜினோடு இழுபடுகிறது என்று பொருள்.

அப்போதும் உடனே கிளட்ச் செட்டை மாற்றச் சொல்லிவிட வேண்டாம். முதலில் பெடலுக்கடியில் பாருங்கள்: ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட தடித்த தரைவிரிப்பு பெடலை முழுத்தூரம் செல்லவிடாமல் தடுப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அடுத்து, ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டியில் திரவத்தின் மட்டத்தைப் பாருங்கள். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே கலயம்தான் என்பதால், மட்டம் குறைவது பிரேக்கைப் பற்றிய எச்சரிக்கையாகவும் இருக்கலாம். பெடலை இரண்டு மூன்று முறை அடித்து மிதித்த பிறகு கியர் அமைதியாக விழுந்தால், குழாயில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது கிளட்ச் சிலிண்டரில் கசிவு இருக்கிறது. கேபிள் உள்ள சிறிய கார்களில் கேபிளின் தளர்ச்சியைச் சரிசெய்தாலே பல நேரம் போதும். இவை எதுவும் இல்லையென்றால்தான் உள்ளே பிளேட் கோணியிருக்கிறதா என்று யோசிக்க வேண்டும்.

இந்த வரிசையை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. 1928 இல் கேடிலாக் கார்களில் அறிமுகமான சின்க்ரோனைசர், கூம்பு வடிவ வளையத்தின் உராய்வால் பல்சக்கரத்தின் வேகத்தையும் அது இணைய வேண்டிய ஷாஃப்டின் வேகத்தையும் சமமாக்கிவிட்டுப் பிறகே பற்களைக் கோக்க விடுகிறது. இழுபடும் கிளட்ச், அந்தச் சிறு வளையத்தை ஒவ்வொரு முறையும் இன்ஜினோடு மல்லுக்கட்ட வைக்கிறது. கிளட்ச்சைக் கவனிக்காமல் சின்க்ரோனைசரை மட்டும் மாற்றினால், புதியதும் அதே வழியில் தேயும். ஒரு கியரில் மட்டும் சந்தேகம் என்றால், நியூட்ரலில் ஒரு கணம் கிளட்ச்சை விட்டு, இன்ஜின் வேகத்தைப் பொருத்தமாக்கி, மீண்டும் மிதித்துக் கியரைப் போட்டுப் பாருங்கள். அப்போது மட்டும் உரசல் வராவிட்டால், தேய்ந்தது அந்தக் கியரின் சின்க்ரோனைசர்தான்.

கியர் மாற்றும்போது கேட்கும் டொக் ஒலி பல நேரம் கியர் பாக்ஸுக்குரியதே இல்லை. கியரை மாற்றாமல், ஒரே கியரில் மெதுவாகச் செல்லும்போது ஆக்சிலரேட்டரை விட்டு விட்டு மிதித்துப் பாருங்கள். அப்போதும் டொக்கென்றால் இன்ஜின் மவுண்டிங், ஆக்சில் ஜாயின்ட், பின்சக்கர இயக்கமுள்ள வண்டியென்றால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் குறுக்கு ஜாயின்ட் என்று பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பிச் செல்லும்போது மட்டும் டக்டக்கென்று வந்தால், அது சக்கரத்தருகே உள்ள ஆக்சில் ஜாயின்ட்.

எண்ணெயைப் பொறுத்தவரை, சத்தத்தை அடக்கக் கெட்டியான எண்ணெய் ஊற்றும் வழக்கம் கெடுதலானது. கெட்டி எண்ணெயில் சின்க்ரோனைசரின் உராய்வு தாமதப்படும். காலை நேரத்தில் கியர் விழவே மறுக்கும். ஜிஎல்-4 தர எண்ணெய் கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 தர எண்ணெய் ஊற்றுவதையும் நான் ஏற்கமாட்டேன். ஜிஎல்-5 இல் கூடுதலாக உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் சின்க்ரோனைசரின் பித்தளை வளையங்களுக்கு ஒவ்வாமல் போகலாம். காரின் கையேட்டில் உள்ள தரத்தையே பின்பற்றுங்கள். எண்ணெயை வடிக்கும் முன், ஊற்றும் துளையின் மூடி கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வடித்த பிறகு அது இறுகிக் கிடப்பது தெரிந்தால், வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். வடிகால் மூடியில் காந்தம் இருந்தால், அதில் ஒட்டியதை விரலால் தேய்த்துப் பாருங்கள். மைபோன்ற சாம்பல்நிறப் பசை இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் செதில்களோ பல் துண்டோ இருந்தால், அந்தப் பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும்.

காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது மட்டும் வரும் சத்தம் என்றால், முந்தைய மாலையே பட்டறையில் வண்டியை விட்டுவிடுங்கள். சூடான வண்டியோடு போய் நின்றால் மெக்கானிக்குக் கேட்க எதுவும் இருக்காது. கிளட்ச் வேலைக்காகப் பெட்டியை இறக்கினால், ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். பேரிங்கின் விலையைவிடப் பெட்டியை மறுபடி இறக்கும் கூலி மிக அதிகம். ஓடிக்கொண்டிருக்கும்போது கியர் தானாகக் கழன்றாலோ, சத்தம் திடீரெனப் பெருகி வண்டிக்கடியில் எண்ணெய் சொட்டினாலோ, பட்டறைவரை ஓட்டிப்போய்ப் பார்க்கலாம் என்று எண்ணாமல் அங்கேயே நிறுத்தி, இழுவை வண்டியை அழையுங்கள்.