மெல் பிளாங்க் கதையைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்ஸ் பன்னி கேரட்டைக் கடித்துக்கொண்டே பேசும் அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஏராளம். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் மெல் பிளாங்க். 1908இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து, ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் வளர்ந்து, வானொலியில் நகைச்சுவை நடிகராகவும் கார்ட்டூன்களில் குரல் நடிகராகவும் அறுபது ஆண்டுகள் உழைத்தவர். அவரைப் பற்றி எழுதுகிறவர்களும் வீடியோ போடுகிறவர்களும் பலகுரல் பழகுகிறவர்களும் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில் சறுக்குகிறார்கள். கதை சுவையாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. கண் காது மூக்கு வைத்துச் சொல்லப்படும் அந்தக் கதைகள் அவர் பட்ட பாட்டை மறைக்கின்றன. கூட உழைத்தவர்களையும் சேர்த்தே மறைக்கின்றன.

முதலில் கேரட். "அவருக்குக் கேரட் ஒவ்வாது, ஆனாலும் தொழிலுக்காகக் கடித்தார்" என்று உருக்கமாகச் சொல்வார்கள். இதைப் பிளாங்க்கே திட்டவட்டமாக மறுத்திருக்கிறார். நடந்தது இவ்வளவுதான்: பச்சைக் கேரட்டைக் கடித்தால் வாய் நிறைந்துவிடும், மென்று விழுங்கி அடுத்த வசனத்துக்கு வர நேரமாகும். ஆப்பிளை, செலரித் தண்டைக் கடித்துப் பார்த்தார்கள், கேரட்டின் அந்த 'கரக்' கிடைக்கவில்லை. அதனால் கடிப்பார், மெல்லுவார், பதிவை நிறுத்துவார்கள், துப்பிவிட்டு அடுத்த வசனத்தைப் பேசுவார். அந்தத் துப்பலைத்தான் யாரோ ஒவ்வாமையாக்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்தது, அவரைக் கார்ட்டூன்காரர் என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது. கார்ட்டூன் ஸ்டூடியோவுக்குள் காலடி வைப்பதற்கு முன்பே அவர் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் வானொலியில் இருந்தவர். 1927இல் போர்ட்லாந்து வானொலியில் தொடங்கினார். 1933இல் மனைவி எஸ்டெல்லுடன் சேர்ந்து ஒரு நிகழ்ச்சி நடத்தினார். வேறு நடிகர்களுக்குச் சம்பளம் கொடுக்க நிலையத்தார் தயாராக இல்லை, அதனால் வந்துபோகும் ஆட்களுக்கெல்லாம் தாமே குரல் மாற்றிப் பேச வேண்டியிருந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். பலகுரல் வித்தையில் பாதி அந்த நெருக்கடியில் பிறந்ததுதான். அப்புறம் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து, பக்ஸ் பன்னி வரும் வார்னர் கார்ட்டூன்களைத் தயாரித்த ஷ்லெசிங்கர் ஸ்டூடியோவுக்கு நடையாய் நடந்தார். தேவையான குரல்கள் இருக்கின்றன என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ட்ரெக் பிரவுன் என்பவர்தான் குரலைக் கேட்டுப் பார்க்கச் சம்மதித்தார். 1937இல் கிடைத்த முதல் வேடம், குடித்துவிட்டு உளறும் ஒரு காளை மாடு.

நகைச்சுவை நடிகர் ஜாக் பென்னியின் வானொலி நிகழ்ச்சியை விட்டுவிட்டால் அவருடைய நகைச்சுவையின் உயிரே விட்டுப்போகும். அதில் ஒரு ரயில் நிலைய அறிவிப்பாளராக வருவார். ரயில் நிற்கும் ஊர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, "கூக்க..." என்று நிறுத்துவார். கொஞ்சம் பொறுத்து "...மாங்கா" என்று முடிப்பார். ஊர்ப் பெயர் கூக்கமாங்கா. வாரம் போகப் போக இடைவெளி நீண்டது. ஒரு கட்டத்தில் நடுவில் வேறொரு காட்சியே நடந்து முடியும், ஜனங்கள் ஏறக்குறைய மறந்துபோன நேரத்தில் "...மாங்கா" வந்து விழும். அரங்கம் அதிரும். ஒரே ஒரு ஊர்ப் பெயர்தான் வசனம். எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தார், அதுதான் கலை.

1961 ஜனவரி 24 விபத்தையும் அளவோடு சொல்ல வேண்டும். சன்செட் சாலையில் 'சாவு வளைவு' என்றே பெயர் எடுத்த இடத்தில் எதிரே வந்த கார் மோதியது. கால்கள், இடுப்பெலும்பு முறிந்து, மண்டையிலும் அடிபட்டு இரண்டு வாரம் நினைவின்றிக் கிடந்தார். டாக்டர் "எப்படி இருக்கிறீர்கள், பக்ஸ் பன்னி?" என்று கேட்டதும் பக்ஸ் குரலில் பதில் வந்தது. இது உண்மையில் நடந்தது. ஆனால் பலரும் அதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். உடம்பெல்லாம் மாவுக்கட்டோடு படுத்த படுக்கையாக, மைக்கைப் பக்கத்தில் வைத்து 'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' தொடரின் பார்னி ரபிளுக்கு அவர் குரல் கொடுத்தது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. சில பகுதிகளுக்கு இன்னொரு குரல் நடிகரான டாஸ் பட்லர் பார்னியாகப் பேசிக் கைகொடுத்தார். நகராட்சி மீது பிளாங்க் வழக்குப் போட்டார், பிறகு அந்த வளைவையே மாற்றி அமைத்தார்கள்.

பலகுரல் பழகுகிறவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. டாஃபி டக் என்ற வாத்து மாதிரி, ட்வீட்டி என்ற குருவி மாதிரி பேசப்போய்த் தொண்டையை நெரித்து நெரித்துப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். அந்தக் கீச்சுக்குரல் முழுவதும் தொண்டையில் பிறந்தது இல்லை. டாஃபி, ட்வீட்டி, போர்க்கி என்ற பன்றி ஆகியோரின் பதிவுகளை வேகம் கூட்டி ஓட்டினார்கள், அதில் சுருதி ஏறியது. டாஃபியையும் சில்வெஸ்டர் பூனையையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டிலும் எச்சில் தெறிக்கும் அதே 'ஷ்' உச்சரிப்பு. சில்வெஸ்டர் கிட்டத்தட்ட அவருடைய சொந்தக் குரல், டாஃபி வேகம் கூட்டியது. ஆனால் வேகம் கூட்டினாலும் வசனம் தெளிவாக, சிரிப்பு கெடாமல் வர வேண்டும். அதற்கேற்ற நிதானத்தில் பேசுவதுதான் நாம் பழக வேண்டியது.

தொண்டையை உண்மையிலேயே வதைத்த குரல் யோசமிட்டி சாமுடையது. கத்திக்கொண்டே இருக்கும் ஆள். 1988இல் வெளிவந்த ரோஜர் ராபிட் படத்துக்குப் பேசும்போது பிளாங்க்குக்கு ஏறக்குறைய எண்பது வயது. சாமின் குரலை ஜோ அலாஸ்கி என்ற வேறொரு குரல் நடிகரிடம் விட்டுவிட்டார். சிறுவயதிலிருந்தே புகைத்தவர், நுரையீரல் கெட்டிருந்தது. 1989 ஜூலை 10 அன்று காலமானார். இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், அவர் தொண்டை இரும்பு என்று எண்ணி யாரும் அந்த வழியில் போய்விடக் கூடாது.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது, "வார்னர் கார்ட்டூன்களில் எல்லாக் குரலும் அவர்தான்" என்று எழுதுவது. இதற்குக் காரணம் ஒரு ஒப்பந்தம். சம்பளம் கூட்டிக் கேட்டார், முதலாளி மறுத்தார், பதிலுக்குப் படத்தில் பெயர் போடச் சம்மதித்தார் என்று பிளாங்க் சொல்லியிருக்கிறார். 1944 முதல் டைட்டில் கார்டில் அவர் பெயர் வரத் தொடங்கியது. மற்றவர்களுக்கு நீண்டகாலம் அந்த இடம் கிடைக்கவில்லை. பெயர் வந்த முதல் படம் சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையைக் கிண்டல் செய்யும் 'லிட்டில் ரெட் ரைடிங் ராபிட்'. அதில் காது கிழியக் கத்தும் அந்தச் சிறுமியின் குரல் பியா பெனடரெட் என்ற நடிகையுடையது. அவர் பெயர் அதில் இல்லை.

இப்படி எத்தனை பேர்! துப்பாக்கியோடு அலையும் எல்மர் ஃபட்டுக்கு 1959இல் இறக்கும்வரை குரல் கொடுத்தவர் ஆர்தர் க்யூ. பிரையன். ட்வீட்டியை வளர்க்கும் பாட்டியம்மாவுக்கு முதலில் பெனடரெட், பிறகு ஜூன் ஃபோரே. ரோடு ரன்னரின் 'பீப் பீப்' பின்னணி ஓவியர் பால் ஜூலியனுடையது. டாம் அண்ட் ஜெரியில் டாம் போடும் அந்தப் புகழ்பெற்ற அலறலைக்கூட பிளாங்க் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அது அந்தத் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான வில்லியம் ஹன்னா போட்டது. 1960களில் சக் ஜோன்ஸ் எடுத்த டாம் அண்ட் ஜெரி படங்களில்தான் பிளாங்க் ஒலி கொடுத்தார். 'பெரும்பாலான குரல்கள்' என்று எழுதினால் போதும், உண்மையும் கெடாது, அவர் பெருமையும் குறையாது.

1951இல் வந்த 'ராபிட் ஃபயர்' கார்ட்டூனைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஒரு இடத்தில் பக்ஸ் டாஃபியாக வேஷம் போட்டு டாஃபி போலப் பேசும், டாஃபி பக்ஸ் போலப் பேசும். நான்குமே பிளாங்க்தான். ஆனால் டாஃபி போலப் பேசும் பக்ஸுக்குள் பக்ஸின் நிதானம் தெரியும், பக்ஸ் போலப் பேசும் டாஃபிக்குள் டாஃபியின் படபடப்பு தெரியும். இரண்டு பேரையும் மாறி மாறி நம்பிக்கொண்டு, யாரைச் சுடுவது என்று தெரியாமல் குழம்பி நிற்கும் மூன்றாவது குரல் ஒன்றும் கேட்கும். அது பிரையன்.