அக்கூஸ்டிக்கிலிருந்து முதல் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐந்தாறு வருடம் அக்கூஸ்டிக், அதாவது மின்சாரம் இல்லாத சாதாரணக் கிட்டார், வாசித்தவர் முதல் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கக் கிளம்பினால், கிட்டாரே தொடாதவரைவிட அதிகமாகத் தவறு செய்கிறார். இதைப் பலமுறை பார்த்துவிட்டேன், நானும் செய்திருக்கிறேன். அவருக்கு ஏற்கெனவே பழகிய காது ஒன்று இருக்கிறது, பழகிய கை ஒன்று இருக்கிறது. இரண்டும் வேறொரு வாத்தியத்தில் பழகியவை. அந்தப் பழக்கத்தை அப்படியே கடைக்குள் கொண்டுபோவதில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது.

கடையில் என்ன நடக்கும் என்று பாருங்கள். சுவரில் தொங்கும் எலெக்ட்ரிக்கை எடுப்பார், ஒயர் எதுவும் செருகாமல் ஒரு ஜி கார்டு அடிப்பார், உடம்பில் காதை வைப்பார். "சத்தம் ரொம்ப கம்மியா இருக்கே, அது கொஞ்சம் நல்லா கேக்குது" என்று பக்கத்தில் இருப்பதைக் காட்டுவார். அக்கூஸ்டிக்கில் இது சரியான சோதனை. அங்கே மேல்பலகை அதிர்ந்து, உள்ளே இருக்கும் காற்று அதிர்ந்துதான் சத்தம் வருகிறது, அதனால் என்ன மரம் என்பது பெரிய விஷயம். எலெக்ட்ரிக்கில் காந்தத்தைச் சுற்றிய செம்புச் சுருள்தான் பிக்கப். மேலே இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைந்து, சுருளில் மெல்லிய மின்சாரம் பிறக்கிறது, அது ஆம்ப்புக்கு, அதாவது ஒலிபெருக்கிப் பெட்டிக்கு, போய்ச் சத்தமாகிறது. மரமே பொருட்டில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மஹோகனியா ஆல்டரா என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொள்கிறவர், அதில் பாதி நேரத்தைப் பிக்கப்புக்கும் ஆம்ப்புக்கும் செலவழித்தால் பத்து மடங்கு பலன் இருக்கும். இதே காரணத்தால்தான் வீட்டில் மிச்சமிருக்கும் அக்கூஸ்டிக் கம்பிகளை எலெக்ட்ரிக்கில் மாட்டக் கூடாது. அவற்றின் மேலே சுற்றியிருப்பது வெண்கலம், காந்தத்துக்கு அதில் பிடிப்பில்லை. சுற்றில்லாத மெல்லிய கம்பிகள் கத்தும், தடித்தவை முனகும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒயர் செருகும் துளை உள்ள அக்கூஸ்டிக், அதாவது எலெக்ட்ரோ அக்கூஸ்டிக், எலெக்ட்ரிக் கிட்டார் ஆகாது. அதில் டிஸ்டார்ஷன், அதாவது ராக் பாட்டில் வரும் அந்த உறுமல், போட்டு சத்தத்தை ஏற்றினால் உள்கூடு அதிர்ந்து ஊளையிடத்தான் செய்யும்.

அடுத்தது பணம். முப்பதாயிரம் வைத்திருக்கிறேன், முப்பதாயிரத்துக்கு நல்ல கிட்டார் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். அப்போது ஆம்ப்புக்கு? "அப்புறம் பாத்துக்கலாம், இப்போதைக்கு வீட்ல இருக்குற ஹோம் தியேட்டர்ல போட்டுக்குறேன்." வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். எலெக்ட்ரிக் என்பது கிட்டாரும் ஆம்ப்பும் சேர்ந்த ஒரே வாத்தியம். பிக்கப்பிலிருந்து வரும் சிக்னல் மிக மெலிந்தது, அதை வாங்கிக்கொள்ள அதற்கென்று உள்ள இன்புட் வேண்டும். ஹோம் தியேட்டரின் சாதாரண இன்புட்டில் செருகினால் மேல் ஸ்தாயி எல்லாம் செத்துப்போய், போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் இருக்கும். கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் வேறு, கூர்மையான சத்தங்களை வேண்டுமென்றே வடிகட்டுவது. ஹோம் தியேட்டரில் டிஸ்டார்ஷன் போட்டால் தகரத்தைக் கீறுவதுபோல் கேட்பது அதனால்தான். முப்பதாயிரம் என்றால் நான் இருபதைக் கிட்டாருக்கும் எட்டை ஆம்ப்புக்கும் வைப்பேன், மீதியில் கேபிள், பை, ஒரு செட் கம்பி.

ஆம்ப் என்றதும் வாட்டேஜில் ஏமாறுவார்கள். பத்து வாட்டைவிட நூறு வாட் பத்து மடங்கு சத்தம் என்று நினைக்க வேண்டாம், காதுக்குக் கேட்பது கிட்டத்தட்ட இரண்டு மடங்குதான். மேற்கு மாம்பலத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய ஃபிளாட்டில் பத்து வாட்டே அதிகம். ஹெட்ஃபோன் துளை இருக்கிறதா என்று பாருங்கள், அது முக்கியம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறீர்கள் என்றால் உங்கள் வாசிப்பு முழுக்க அதில்தான் நடக்கப்போகிறது.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் வரும்போது அங்கிருந்தே வாங்கி வரச் சொல்வது நம் ஊரில் சகஜம். கிட்டாரை வாங்கி வரட்டும், ஆம்ப் வேண்டாம். தாம்பரத்தில் ஒரு நண்பர் வீட்டில் இது என் கண் முன்னால் நடந்தது. பெட்டியைப் பிரித்து, பிளக்கை மாற்ற ஒரு கன்வெர்ட்டர் போட்டு, சுவிட்சைத் தட்டினார். மெல்லிய ரீங்காரம் ஒன்று, இரண்டு நொடி, அப்புறம் வார்னிஷ் கருகும் வாடை. அங்கே 120 வோல்ட், இங்கே 230. பிளக்கின் வடிவத்தை மாற்றும் கன்வெர்ட்டர் வோல்ட்டேஜை மாற்றாது. ஏற்கெனவே கையில் இருக்கிறதென்றால் பின்னால் எழுதியிருப்பதைப் படியுங்கள். 100-240 என்று இருந்தால் பயமில்லை. 120 மட்டும் என்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்கும், ஆம்ப் எவ்வளவு வாட் இழுக்கும் என்று பின்பக்கம் போட்டிருப்பதைவிடக் கொஞ்சம் பெரியதாக வாங்குங்கள்.

இனி கை. இதைப் பற்றி யாரும் சொல்வதில்லை, ஆனால் வாங்கிய முதல் மாதத்தில் மனம் வெறுத்துப்போகிறவர்கள் பெரும்பாலும் இதனால்தான்.

என் அக்கா மகள் ஆறு வருடம் அக்கூஸ்டிக் வாசித்தவள், கல்லூரிக் குழுவிலும் இருந்தாள். போன வருடம் எலெக்ட்ரிக் வாங்கிப் பத்து நாளில் என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "மாமா, இது டியூன்லயே நிக்க மாட்டேங்குது. ஓப்பன்ல சரியா இருக்கு, கார்டு புடிச்சா அபஸ்வரமா இருக்கு. மாத்திக் குடுக்கச் சொல்லலாமா?" வாசிக்கச் சொன்னேன். கிட்டாரைப் பார்க்கவில்லை, அவள் விரலைப் பார்த்தேன். ஈ மைனர் பிடிக்கும்போதே நகத்தின் நுனி வெளுத்துப்போயிருந்தது. அவளது அக்கூஸ்டிக்கில் முதல் கம்பி 12, இதில் 9. அதாவது ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் பன்னிரண்டு, ஒன்பது. அங்கே மூன்றாவது கம்பிக்கு மேலே சுற்று உண்டு, இங்கே அது வெறும் கம்பி. பழைய கையின் பலத்தோடு அழுத்தினால் கம்பி ஃப்ரெட்டை, அதாவது கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டையை, தாண்டி மரம் வரைக்கும் இறங்குகிறது, இறங்கினால் இழுபடுகிறது, இழுபட்டால் சுருதி ஏறுகிறது. "கம்பியைச் சும்மா தொடு, சத்தம் வராது. வர ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் மட்டும் அழுத்து" என்றேன். நாலாவது தடவையில் ஜி கார்டு சுத்தமாக விழுந்தது. கிட்டாரில் ஒரு குறையும் இல்லை.

ஆகவே கடையில் சோதிக்கும்போது கார்டு அபஸ்வரமாகக் கேட்டால் உடனே கிட்டாரைக் குற்றம் சொல்லாதீர்கள், முதலில் விரலைத் தளர்த்திப் பாருங்கள். தளர்த்தியும் சரியாகவில்லை என்றால் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு மணிச் சத்தம் எடுங்கள், அப்புறம் அதே இடத்தில் அழுத்தி வாசியுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பாலத்தில், அதாவது உடம்பின் மேல் கம்பிகள் வந்து உட்காரும் இடத்தில், இருக்கும் திருகாணிகளைச் சரிசெய்ய வேண்டும், அது பழுதில்லை, அரைமணி நேர வேலை. புதுக் கிட்டார் மாதக்கணக்கில் அட்டைப் பெட்டியில் கிடந்துதான் வருகிறது, அதனால் செட்டப் செய்து கொடுங்கள் என்று கடையிலேயே வாய்விட்டுக் கேளுங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே ஒன்றரையிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் சுகமாக வாசிக்கலாம்.

மெல்லிய கம்பிக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கர்நாடக சங்கீதத்தின் கமகத்தை மாண்டலினில் கொண்டுவந்த யு. ஸ்ரீனிவாஸ் வாசித்தது ஐந்து கம்பி எலெக்ட்ரிக் மாண்டலின். மெல்லிய கம்பி வளையும், மின்சாரம் அதன் நாதத்தை நீட்டிப் பிடிக்கும். அக்கூஸ்டிக்கில் வராத அந்த இழைவுதான் நீங்கள் எலெக்ட்ரிக்குக்குப் போவதன் முழுப் பலனே. தடித்த கம்பி மாட்டிப் பழைய மாதிரியே வாசிக்கிறேன் என்றால் அதை இழந்துவிடுவீர்கள்.

பிக்கப்புக்கு வருவோம். ஒற்றைச் சுருள், அதாவது சிங்கிள் காயில், தெளிவான மணிச் சத்தம் தரும், கூடவே ஆன்டெனா மாதிரி சுற்றிலும் இருக்கும் மின்சார இரைச்சலையும் பிடிக்கும். ஃபேன் ரெகுலேட்டர், பழைய டியூப்லைட் சோக், எல்லாவற்றுக்கும் மேலாகச் சாதாரண இன்வெர்ட்டர். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது சிங்கிள் காயிலில் வாசித்துப் பாருங்கள், தேனீக் கூட்டம் வந்ததுபோல் இருக்கும். 1955இல் கிப்சன் கிட்டார் கம்பெனியில் சேத் லவர் உருவாக்கிய ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள், இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், கம்பியின் சத்தம் மட்டும் கூடிவரும். எது உசத்தி என்று சண்டை போட வேண்டாம். அக்கூஸ்டிக்கிலிருந்து வருகிறவருக்கு இன்னும் தன் சத்தம் எதுவென்று தெரியாது, அதனால் பாலத்துப் பக்கம் ஹம்பக்கரும் மற்ற இரண்டு இடத்தில் சிங்கிள் காயிலும் உள்ள கிட்டார்தான் என் சிபாரிசு. யமஹா பசிஃபிகா 112 அந்த வகை, முதல் கிட்டாராக அதை வாங்கி வருந்தியவரை நான் பார்த்ததில்லை.

இரைச்சலோடு சேர்த்து எர்த்தையும் பாருங்கள். எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள் ஆம்ப்பின் எர்த்தோடு இணைக்கப்பட்டவை. பழைய வீடுகளில் மூன்றாவது துளை பேருக்குத்தான் இருக்கும். கம்பியைத் தொட்டால் இரைச்சல் அடங்குவது சாதாரணம். ஆனால் கையில் சுருக்கென்று ஏறினாலோ, மைக்கில் உதடு பட்டதும் கடித்ததுபோல் இருந்தாலோ அன்றைக்கு வாசிப்பதை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இதில் அலட்சியம் கூடவே கூடாது.

நான் செய்த தவறு பாலத்தில். ஃபிளாய்ட் ரோஸ் என்று ஒரு வகை, கம்பியைப் பூட்டிவைத்து, பாலமே மிதந்துகொண்டு நிற்கும். பார்க்க அவ்வளவு அழகு, அதற்காகவே வாங்கினேன். கோடம்பாக்கத்தில் ஒரு மண்டபத்தில் வரவேற்பு நிகழ்ச்சி, மூன்றாவது பாட்டில் ஒரு கம்பி அறுந்தது. அக்கூஸ்டிக்கில் ஒரு கம்பி போனால் மீதி ஐந்தில் சமாளிக்கலாம். இதில் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்குகள் பாலத்தை இழுத்துவிட்டன, மீதி ஐந்தும் சுருதி ஏறிவிட்டது. மிச்சப் பாட்டுகளைக் குழு கிட்டார் இல்லாமல்தான் முடித்தது, நான் மேடை ஓரத்தில் நின்றேன். முதல் கிட்டாருக்கு அசையாத பாலம் போதும். ஃபெண்டர் ஸ்ட்ராட் வகையில் உள்ள, பாலத்தை ஆட்டிச் சுருதியை அசைக்கும் சாதாரணக் கோலும் பரவாயில்லை.

எடையையும் உட்கார்ந்தபடி பார்க்காதீர்கள். கிப்சனின் லெஸ் பால் வகை நாலு கிலோவைத் தாண்டிப் போகலாம். பட்டையை மாட்டிக் கடையிலேயே பத்து நிமிடம் நின்று வாசியுங்கள். 1842இல் தொடங்கிய, அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிகல் கடை மாதிரி இடத்துக்கு வார நாளில், கூட்டமில்லாத நேரத்தில் போனால் நிதானமாகப் பார்க்கலாம். எதிரொலி தரும் ரிவெர்ப், டிஸ்டார்ஷன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நீங்கள் வாங்கப்போகும் அதே சின்ன ஆம்ப்பில் வாசித்துப் பாருங்கள், அங்கே இருக்கும் பெரிய ஆம்ப்பில் எந்தக் கிட்டாரும் நன்றாகத்தான் கேட்கும்.

செகண்ட் ஹேண்ட் என்றால் தலைப்பகுதியில் இருக்கும் பெயரை நம்பாதீர்கள், பேர்போன கம்பெனிப் பெயர் போட்ட போலிகள் நிறைய. ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒவ்வொரு கம்பியையும் வாசித்துப் பாருங்கள், குமிழ்களைத் திருகும்போது கரகரப்பு வருகிறதா கேளுங்கள், ஒயர் செருகும் இடத்தை லேசாக ஆட்டிப் பாருங்கள். கரகரப்பும் ஜாக்கும் சின்னச் செலவு. கழுத்து முறுக்கியிருந்தால் அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இருப்பவர்களுக்குக் கடல் காற்றில் கம்பி சீக்கிரமே துருப்பிடிக்கும், மழைக்காலத்தில் இன்னும் மோசம். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைத்துப் பைக்குள் வையுங்கள், சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். சுவரில் தொங்கவிடுவது பார்க்க நன்றாக இருக்கும், கம்பிக்கு நல்லதில்லை.

கடைசியாக, பழைய அக்கூஸ்டிக்கை விற்று அந்தப் பணத்தையும் போட்டுக் கொஞ்சம் உசந்த எலெக்ட்ரிக் வாங்கலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். பழைய கிட்டாருக்குக் கிடைக்கும் தொகை உங்கள் புதுக் கிட்டாரைப் பெரிதாக உயர்த்தாது, ஆனால் வீட்டில் அது இல்லாத குறை ஒரு மாதத்தில் தெரியும். என் அக்கா மகளும் விற்கத்தான் இருந்தாள், நான் தடுத்தேன். இப்போது கரண்ட் போகிற சாயங்காலங்களில் மொட்டை மாடிக்கு அதைத்தான் எடுத்துப்போகிறாள்.